ஏசர்: உதிரிபாக வியாபாரத்திலிருந்து மலிவு விலை மடிக்கணினி வரை – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குறைந்த விலையில் மடிக்கணினி தேடும் எவரும் ஏசர் என்ற பெயரைக் கடக்காமல் இருக்க முடியாது. ஆனால் அந்த நிறுவனத்தின் கதை கணினி தயாரிப்பில் தொடங்கவில்லை. அடுத்தவர் செய்த சிப்புகளை வாங்கி விற்பதில் தொடங்கியது. அந்த வியாபாரப் புத்தி கடைசிவரை அதன் ரத்தத்தில் ஊறிப்போனது. அதன் பெரிய வெற்றியும் பெரிய சறுக்கலும் அங்கிருந்தே வந்தன என்பது என் துணிபு. ஏசரைப் பற்றி வாசகர்கள் வழக்கமாகக் கேட்பவற்றுக்கு அந்தக் கோணத்தில் பதில் சொல்ல முயன்றிருக்கிறேன்.

ஏசர் எப்போது, யாரால் தொடங்கப்பட்டது?

1976-இல் தைவானில். ஸ்டான் ஷி என்ற பொறியாளரும் அவருடைய மனைவி கரோலின் யேயும் நண்பர்கள் சிலரும் சேர்ந்து தொடங்கினார்கள். அப்போது அதன் பெயர் மல்ட்டிடெக்; அது ஒரு விநியோக நிறுவனம். போட்ட முதல் சுமார் 25,000 அமெரிக்க டாலர். வேலை பார்த்தவர்கள் 11 பேர். கரோலின் யே பெயருக்குப் பங்குதாரராக இருந்தவர் அல்லர். தொடக்க காலத்தில் நிறுவனத்தின் கணக்கு வழக்கைக் கட்டிக் காத்தவர் அவர்தான்.

விநியோக நிறுவனம் என்றால் எதை விற்றார்கள்?

மைக்ரோபிராசசர்களையும் (கணினியின் மூளையாக வேலை செய்யும் சிப்புகள்) மின்னணு உதிரிபாகங்களையும் விற்றார்கள். அமெரிக்காவின் சைலாக் நிறுவனத்தின் சிப்புகளுக்குத் தைவானில் முகவராக இருந்தார்கள். கூடவே, அந்தச் சிப்புகளை வைத்து என்ன செய்யலாம் என்று ஆலைகளுக்கு ஆலோசனையும் சொன்னார்கள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. மைக்ரோபிராசசர் அப்போது புத்தம் புதிய சரக்கு. அதைப் பயன்படுத்தத் தெரிந்தவர்கள் தைவானில் மிகக் குறைவு. பயன்படுத்தத் தெரியாதவனிடம் சிப்பை எப்படி விற்பது? 1978-இல் ஒரு பயிற்சி மையத்தைத் திறந்து, அதன் வழியே சுமார் 3,000 பொறியாளர்களுக்கு மைக்ரோபிராசசர் பயிற்சி கொடுத்தார்கள். சரக்கை விற்பதற்கு முன் அதை வாங்கக்கூடியவர்களை உருவாக்கினார்கள். தைவான் கணினித் தொழிலின் வரலாற்றில் அந்த மையத்துக்குக் கிடைக்க வேண்டிய இடம் கிடைக்கவில்லை என்றே எனக்குத் தோன்றுகிறது. பின்னாளில் அந்தத் தீவையே உலகின் கணினிப் பட்டறையாக மாற்றிய தலைமுறையில் கணிசமானவர்கள் இப்படிப்பட்ட வகுப்புகளில் உட்கார்ந்து எழுந்தவர்கள்.

ஸ்டான் ஷியின் வாத்து முட்டைக் கதை என்ன?

ஏசரைப் புரிந்துகொள்ள இதைத் தெரிந்துகொள்வது அவசியம். ஷி 1944-இல் லூகாங் என்ற பழைய துறைமுக ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். தாய் ஒரு கடை வைத்து மகனை வளர்த்தார். அந்தக் கடையில் வாத்து முட்டையும் விற்றது, எழுதுபொருள்களும் விற்றன. மகன் கல்லாவில் உட்கார்ந்து கணக்குப் பார்த்தான்.

வாத்து முட்டையில் லாபம் பத்து விழுக்காடுதான். வைத்திருந்தால் கெட்டுப்போகும். ஆனால் இரண்டு நாளில் விற்றுத் தீர்ந்துவிடும். கையில் காசு வந்துவிடும். அதே காசில் மறுபடி முட்டை வாங்கலாம். எழுதுபொருளில் லாபம் ஏறக்குறைய பாதிக்குப் பாதி. கெட்டுப்போகவும் செய்யாது. ஆனால் ஒரு பேனாவோ நோட்டோ அலமாரியில் ஆறு மாதம், ஒரு வருடம்கூடத் தூங்கும். அதில் போட்ட முதலும் கூடவே தூங்கும். ஆண்டுக் கடைசியில் பார்த்தால் குடும்பத்தைக் காப்பாற்றியது முட்டைதான். ஷி இந்தக் கதையைப் பல மேடைகளில் சொல்லியிருக்கிறார். விலையைக் குறை, லாபத்தை ஒல்லியாக வை, முதலை வேகமாகப் புரட்டு: ஏசர் பின்னாளில் செய்த வியாபாரத்தின் சாரம் இதுதான்.

கணினிக்கும் முட்டைக்கும் இன்னொரு பொருத்தமும் உண்டு. இரண்டுமே கிடங்கில் இருக்க இருக்க மதிப்பு இழப்பவை.

ஏசர் செய்த முதல் கணினி எது?

சொந்தப் பெயரில் வந்த முதல் பொருள் 1981-இல் வெளியான மைக்ரோ புரொஃபசர் எம்.பி.எஃப்-1. இன்று நாம் கணினி என்று நினைப்பதற்கும் அதற்கும் தோற்றத்தில் சம்பந்தமே இல்லை. தடித்த புத்தகம் போன்ற ஒரு பிளாஸ்டிக் உறை. அட்டையைத் திறந்தால் உள்ளே ஒரு சர்க்யூட் போர்டு அப்படியே திறந்து கிடக்கும். நடுவில் சைலாக் இசட்-80 சிப். ஒரு மூலையில் கால்குலேட்டரில் இருப்பது போன்ற சிறு விசைகள். மேலே ஆறு இலக்கங்களை மட்டும் காட்டும் சிவப்பு விளக்குத் திரை. இயந்திர மொழியில் ஒவ்வோர் எண்ணாகத் தட்டி, சிப் எப்படி நினைக்கிறது என்று கற்றுக்கொள்வதற்கான கருவி அது. கல்லூரி ஆய்வகங்களில் பல ஆண்டுகள் ஓடியது.

முகவராக எந்தச் சிப்பை விற்றார்களோ, அதே சிப்பைக் கற்பிக்கும் கருவியையே தங்கள் முதல் தயாரிப்பாக்கினார்கள். விநியோகமும் பயிற்சி மையமும் தயாரிப்பும் ஒரே கோட்டில் வந்து நிற்கும் இடம் இது.

அடுத்த ஆண்டு மைக்ரோ புரொஃபசர்-2 வந்தது. அது ஆப்பிள்-2 கணினியை ஒட்டிச் செய்யப்பட்ட வீட்டுக் கணினி. ஆப்பிள் நிறுவனத்துடன் தகராறில் சிக்கியது. அதன் பிறகு ஐபிஎம் கணினிகளோடு ஒத்துப்போகும் இயந்திரங்களின் பக்கம் நிறுவனம் திரும்பியது.

மல்ட்டிடெக் ஏன் ஏசர் ஆனது?

அமெரிக்காவில் அதே பெயரில் வேறொரு நிறுவனம் இருந்ததால் வணிகச் சின்னச் சிக்கல் எழுந்தது. 1987-இல் ஏசர் என்று பெயரை மாற்றிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு தைவான் பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது.

ஐபிஎம்-ஐ ஏசர் முந்தியதாகச் சொல்வது உண்மையா?

ஆம், ஒரு விஷயத்தில். இன்டெல் 386 என்ற 32 பிட் சிப் வந்தபோது அதை வைத்து முதலில் கணினி வெளியிட்டது காம்பேக். அதைத் தொடர்ந்து 1986-லேயே மல்ட்டிடெக்கும் தன் 32 பிட் கணினியைக் காட்டியது. ஐபிஎம்-இன் 386 கணினி 1987-இல்தான் வந்தது. தைவான் என்றால் நகல் எடுக்கும் நாடு என்று பேசப்பட்ட காலத்தில் இது அங்கே பெரும் பெருமையாகக் கொண்டாடப்பட்டது.

ஏசூஸ் நிறுவனமும் ஏசரும் உறவா?

ரத்த உறவு என்றே சொல்லலாம். ஏசூஸ் நிறுவனத்தை 1989-இல் தொடங்கிய நால்வரும் அதற்கு முன் ஏசரில் பொறியாளர்களாக இருந்தவர்கள். மதர்போர்டு (கணினியின் முதன்மைச் சர்க்யூட் போர்டு) செய்து விற்கும் சிறிய நிறுவனமாக அது ஆரம்பித்தது. சுமார் இருபது ஆண்டுகள் கழித்து, சின்ன மடிக்கணினிச் சந்தையில் இரண்டும் நேருக்கு நேர் மோதின. அந்தக் கதைக்குக் கீழே வருகிறேன்.

1990-களில் ஏசர் பின்பற்றிய 'துரித உணவு' முறை என்ன?

இதுதான் ஏசர் வரலாற்றிலேயே எனக்கு மிகவும் பிடித்த பகுதி. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1980-களின் கடைசியில் ஏசர் வேகமாக வளர்ந்தது. ஐபிஎம்-இல் பெரிய பதவியில் இருந்த லியனார்டு லியுவைத் தலைவராகக் கொண்டுவந்தது. அமெரிக்காவில் ஆல்டோஸ் என்ற நிறுவனத்தை 1990-இல் 9.4 கோடி டாலருக்கு வாங்கியது. பலன் நஷ்டம். 1991-இல் நிறுவனம் கையைச் சுட்டுக்கொண்டது, ஆள்குறைப்பும் நடந்தது. லியு 1992-இல் விலகினார். ஷி மறுபடி அடிப்படைக் கணக்குக்குப் போனார்.

அவர் கண்ட கோளாறு இது: தைவானில் முழுக் கணினியாகப் பொருத்திப் பெட்டியில் அடைத்துக் கப்பலில் ஏற்றினால், ஐரோப்பியக் கடைக்கு அது போய்ச் சேர ஒரு மாதத்துக்கு மேல் ஆகும். அந்த ஒரு மாதத்தில் பிராசசர் விலை இறங்கிவிடும், மெமரி விலை இறங்கிவிடும், சில சமயம் அடுத்த மாடலே வந்துவிடும். கப்பலில் இருக்கும்போதே சரக்கு பழசாகிறது. கடலில் மிதப்பது பணம். அதுவும் கரைந்துகொண்டே போகும் பணம்.

அதற்கு அவர் எடுத்த முன்மாதிரி துரித உணவுக் கடை. அங்கே சமையலுக்கான பொருள்களை ஓரிடத்தில் தயாரித்து, கடைசிச் சமையலை வாடிக்கையாளரின் கண்முன் முடிக்கிறார்கள். அதே போல ஏசரும் கணினியைத் துண்டு துண்டாகப் பிரித்தது. உறை, மின்வழங்கி, மானிட்டர் ஆகியவற்றின் விலை சட்டென்று மாறாது, எடையும் அதிகம். எனவே அவை கப்பலில் போகட்டும். மதர்போர்டு சீக்கிரம் பழசாகும், எடை குறைவு. அது விமானத்தில் போகட்டும். பிராசசர், மெமரி, ஹார்டு டிஸ்க் ஆகியவற்றின் விலை நாளுக்கு நாள் மாறும். அவற்றை விற்கும் நாட்டிலேயே, வாடிக்கையாளர் கேட்ட பிறகு வாங்கிப் பொருத்தினால் போதும். உலகின் பல ஊர்களில் பாகங்களைப் பொருத்தும் சிறிய கூடங்கள் முளைத்தன. கடைக்கு வந்த கணினி எப்போதும் அன்றைய விலையில், அன்றைய உதிரிபாகங்களோடு இருந்தது.

யோசித்துப் பாருங்கள்: இதில் புதிய சிப் எதையும் யாரும் கண்டுபிடிக்கவில்லை. சரக்கு எங்கே, எத்தனை நாள் நிற்கிறது என்ற ஒற்றைக் கேள்வியை ஒருவர் கூர்மையாகக் கேட்டார். ஒரு உதிரிபாக வியாபாரிக்குத்தான் அந்தக் கேள்வி முதலில் தோன்றும்.

இதே காலத்தில் ஷி வரைந்த இன்னொரு படம் மேலாண்மைப் பாடங்களில் இன்றும் இருக்கிறது: 1992-இல் அவர் முன்வைத்த 'புன்னகை வளைவு'. ஒரு பொருளின் பிறப்பு முதல் விற்பனை வரை கிடைக்கும் மதிப்பைக் கோடாகப் போட்டால், இடப்பக்கம் ஆராய்ச்சியும் முக்கிய உதிரிபாகங்களும் உயரத்தில் நிற்கும். வலப்பக்கம் பிராண்டும் விநியோகமும் சேவையும் உயரத்தில் நிற்கும். நடுவில் இருக்கும், பாகங்களைப் பொருத்தும் வேலை பள்ளத்தில் கிடக்கும். சிரிக்கும் வாய் போன்ற வளைவு. நடுப்பள்ளத்தில் கிடந்தால் பிழைக்க முடியாது என்பது அவர் வாதம்.

மடிக்கணினிச் சந்தையில் ஏசர் எப்படிக் காலூன்றியது?

திருப்புமுனை 1997. அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸ் தன் மடிக்கணினிப் பிரிவை விற்க முடிவு செய்தது, ஏசர் வாங்கியது. டிராவல்மேட் என்ற பெயர் அதோடு வந்ததுதான். இன்றும் ஏசரின் அலுவலக மடிக்கணினிகளில் அந்தப் பெயர் தொடர்கிறது. இரு நிறுவனங்களும் ஒன்றுக்கொன்று புதியவை அல்ல. 1989 முதல் மெமரி சிப் தயாரிப்பில் கூட்டாளிகளாக இருந்தவர்கள்.

பெயரை விடப் பெரிய வரவு ஒரு மனிதர். டெக்சாஸ் இன்ஸ்ட்ரூமென்ட்ஸின் இத்தாலியப் பிரிவில் இருந்த ஜியான்பிராங்கோ லான்சி, அந்த விற்பனையோடு ஏசருக்கு வந்து சேர்ந்தார்.

வீட்டுக் கணினிகளுக்கான ஆஸ்பயர் என்ற பெயர் அதற்கு முன்பே, 1995-இல் வந்துவிட்டது. கணினி என்றால் சாம்பல் பெட்டி என்றிருந்த நாளில் அது கரும்பச்சை நிறத்தில் வந்தது. பின்னர் அதே பெயர் மடிக்கணினிகளுக்கும் போனது.

விஸ்ட்ரான், பென்க்யூ ஆகியவை ஏசரிலிருந்து பிரிந்தவையா?

ஆம். ஏசர் தன் பெயரில் கணினி விற்றதோடு மற்ற பெரிய நிறுவனங்களுக்கும் கணினி செய்துகொடுத்தது. சிக்கல் எங்கே வரும் என்பது தெளிவு: உன்னிடம் தயாரிக்கக் கொடுக்கும் நிறுவனத்துக்கு, நீயே கடைத்தெருவில் போட்டியாளன். அவர்கள் ஏன் உன்னை நம்ப வேண்டும்?

2000-ஆம் ஆண்டின் இறுதியில் மறுசீரமைப்பு அறிவிக்கப்பட்டது. தயாரிப்புப் பிரிவு விஸ்ட்ரான் என்ற தனி நிறுவனமாகியது. ஏசர் பெரிஃபரல்ஸ் 2001-இல் பென்க்யூ என்று பெயர் மாறியது. திரை தயாரித்த பிரிவு வேறொரு நிறுவனத்துடன் இணைந்து ஏயூ ஆப்ட்ரானிக்ஸ் ஆனது. பின்னாளில் கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் ஐபோன் தயாரித்து, அந்த ஆலையை 2023-இல் டாடாவிடம் விற்றதாகச் செய்திகளில் வந்த விஸ்ட்ரான் இதே விஸ்ட்ரான்தான்.

தயாரிப்பைக் கழற்றிவிட்ட பிறகு ஏசரிடம் மிஞ்சியது பிராண்டும் விநியோகமும். ஒரு வகையில் 1976-இல் தொடங்கிய இடத்துக்கே, வேறு உயரத்தில் திரும்பி வந்தது. அதன் மடிக்கணினிகளை குவான்டா, காம்பல், விஸ்ட்ரான் போன்ற ஒப்பந்தத் தயாரிப்பாளர்கள் செய்துகொடுக்கிறார்கள்.

ஐரோப்பாவில் ஏசர் அவ்வளவு வேகமாக வளர்ந்தது எப்படி?

அப்போது டெல் நிறுவனம் நேரடி விற்பனையில் கொடிகட்டிப் பறந்தது: இடையில் யாரும் வேண்டாம், வாடிக்கையாளர் எங்களிடமே வாங்கட்டும் என்பது அதன் வழி. எல்லோரும் அதைப் பார்த்து நகலெடுக்க நினைத்தபோது, லான்சியின் ஐரோப்பியக் குழு நேர் எதிராகப் போனது. ஏசர் எந்த வாடிக்கையாளருக்கும் நேரடியாக விற்கவில்லை. மொத்த விநியோகஸ்தர் வழியே, கடைக்காரர் வழியே மட்டுமே விற்றது. கடைக்காரருக்குப் போட்டியாகக் கம்பெனியே வந்து நிற்காது என்ற உறுதி அது.

பல கடைக்காரர்களுக்கு அப்போது தேவைப்பட்டது அந்த உறுதிதான். மேசைக் கணினியிலிருந்து மடிக்கணினிக்கு மக்கள் மாறிய அதே சமயத்தில் ஏசர் கடை கடையாக நிறைந்தது. ஐரோப்பிய மடிக்கணினிச் சந்தையில் முன்னணிக்கு வந்தது. சொந்த ஆலையும் கிடையாது, நேரடி விற்பனைப் படையும் கிடையாது. ஆகவே நிர்வாகச் செலவு போட்டியாளர்களை விடக் குறைவு. அந்தச் சேமிப்பு விலையில் தெரிந்தது.

ஷி 2004-இன் முடிவில் ஓய்வு பெற்றார். ஜே.டி. வாங் இயக்குநர் குழுத் தலைமையை ஏற்க, லான்சி 2005-இல் நிறுவனத்தின் தலைவர் பதவிக்கு உயர்ந்தார். தைவான் நிறுவனம் ஒன்றை ஓர் இத்தாலியர் நடத்துவது அந்நாளில் அபூர்வம்.

கேட்வே நிறுவனத்தை ஏன் வாங்கியது?

இரண்டு காரணங்கள். வெளியே தெரிந்த காரணம் அமெரிக்கா: அங்கே ஏசரின் பெயர் பலவீனம், மாட்டுத்தோல் புள்ளிகள் போட்ட பெட்டிகளால் எல்லோருக்கும் தெரிந்த கேட்வேயும், அதனிடம் இருந்த ஈமெஷீன்ஸ் என்ற மலிவு பிராண்டும் கைக்கு வரும். 2007 ஆகஸ்டில் 71 கோடி டாலருக்கு வாங்குவதாக அறிவித்தது.

இரண்டாவது காரணம் இன்னும் சாமர்த்தியமானது. ஐரோப்பாவில் பேக்கார்டு பெல் என்ற கணினி நிறுவனத்தை வாங்க, சீனாவின் லெனோவா பேசிக்கொண்டிருந்தது. அது நடந்திருந்தால் ஏசரின் சொந்தக் கோட்டையிலேயே ஒரு பெரிய எதிரி குடியேறியிருப்பான். பேக்கார்டு பெல்லை வாங்குவதில் முன்னுரிமை கேட்வேயிடம் இருந்தது. கேட்வேயை வாங்கியவருக்கு அந்த முன்னுரிமையும் சொந்தம். 2008-இல் பேக்கார்டு பெல்லும் ஏசரிடம் வந்தது. லெனோவா வெறுங்கையோடு திரும்பியது.

ஆஸ்பயர் ஒன் ஏன் இன்றும் பேசப்படுகிறது?

2007-இன் இறுதியில் ஏசூஸ் ஈ பிசி 701 என்ற சின்ன மடிக்கணினியை வெளியிட்டது: 7 அங்குலத் திரை, 4 ஜிபி சேமிப்பு. பெரிய நிறுவனங்கள் இதை யார் வாங்குவார்கள் என்று அலட்சியமாகப் பார்த்தன. மக்கள் வரிசையில் நின்று வாங்கினார்கள். ஏசர் 2008 ஜூனில், தைபே கம்ப்யூடெக்ஸ் கண்காட்சியை ஒட்டி ஆஸ்பயர் ஒன்னை அறிமுகப்படுத்தியது.

அதைக் கையில் எடுத்தவர்களுக்கு நினைவிருக்கும்: சுமார் ஒரு கிலோ எடை, 8.9 அங்குலப் பளபளப்பான திரை, இன்டெல் ஆட்டம் என்-270 பிராசசர். இடம் போதாததால் டச்பேடின் இரண்டு பொத்தான்களையும் கீழே வைக்காமல் இடமும் வலமுமாக வைத்திருந்தார்கள். பழகும் வரை விரல் தடுமாறும். ஆனால் விசைகள் ஏசூஸின் முதல் மாடலை விடப் பெரிதாக இருந்ததால் நிம்மதியாகத் தட்டச்சு செய்ய முடிந்தது. ஒரு மாடலில் லினக்ஸ் இயங்குதளமும் 8 ஜிபி ஃபிளாஷ் சேமிப்பும். இன்னொன்றில் விண்டோஸ் எக்ஸ்பியும் ஹார்டு டிஸ்க்கும். இப்படிப்பட்ட சின்னக் கணினிகளுக்கு எக்ஸ்பியை மலிவாகக் கொடுத்த மைக்ரோசாஃப்ட், 1 ஜிபி மெமரிக்கு மேல் போடக்கூடாது என்று நிபந்தனையும் விதித்தது.

அமெரிக்காவில் தொடக்க விலை 379 டாலர்; சில மாதங்களில் இன்னும் இறங்கியது. தொலைபேசி நிறுவனத்தின் இணைய ஒப்பந்தத்தோடு 99 டாலருக்கும் ஒரு கட்டத்தில் விற்கப்பட்டது. ஏசூஸ் கண்டுபிடித்த சந்தையில் அறுவடை செய்தது ஏசர். காரணம் விநியோகம்தான்: ஐரோப்பாவின் எல்லாக் கடைகளிலும் ஏற்கெனவே அதற்கு அலமாரி இருந்தது. 2009-இன் மூன்றாம் காலாண்டில் கணினி விற்பனையில் டெல்லைத் தாண்டி உலகின் இரண்டாம் இடத்துக்கு ஏசர் வந்தது.

ஆஸ்பயர் ஒன் மெதுவான கணினி, உண்மைதான். அதனால் அதை ஏளனமாகப் பேசுபவர்களை நான் ஏற்கவில்லை. இந்தச் சின்னக் கணினிகள் வருவதற்கு முன், அந்த விலையில் ஒரு மாணவனுக்குத் தன்னுடையது என்று சொல்ல ஒரு மடிக்கணினி கிடைப்பது அரிது.

2011-இல் என்ன நடந்தது? ஏன் சரிந்தது?

முட்டைக் கடையின் பாடத்தை ஏசரே மறந்தது.

2010-இல் ஆப்பிள் ஐபேட் வந்தது. சின்ன மடிக்கணினி வாங்க இருந்தவர்களில் பலர் அதன் பக்கம் போனார்கள். ஏசரோ எண்ணிக்கையைக் குறைக்க மனமில்லாமல் விநியோகஸ்தர்களின் கிடங்குகளுக்குச் சரக்கை அனுப்பிக்கொண்டே இருந்தது. இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டும். கம்பெனி கிடங்கிலிருந்து விநியோகஸ்தர் கிடங்குக்குப் போனதும் கணக்கில் அது விற்பனை. ஆனால் கடைசி வாடிக்கையாளர் வாங்கவில்லை என்றால் அந்தச் சரக்கு அங்கேயே தேங்கும். விலை இறங்கும்போது விநியோகஸ்தருக்கு ஏற்படும் நஷ்டத்தைத் தயாரிப்பாளர் ஈடுகட்டுவது இந்தத் தொழிலின் வழக்கம். ஆக, விற்றாகிவிட்டது என்று கணக்கில் காட்டியது, ஆறு மாதம் கழித்துச் செலவாகத் திரும்பி வரும்.

வளர்ச்சி எந்தத் திசையில் என்பதில் லான்சிக்கும் இயக்குநர் குழுவுக்கும் ஒத்துப்போகவில்லை. 2011 மார்ச் 31 அன்று அவர் விலகினார். ஜூனில் குண்டு வெடித்தது: ஐரோப்பியப் பகுதியில், குறிப்பாக ஸ்பெயினில், தேங்கிய சரக்குக்கும் வராத பாக்கிக்குமாக 15 கோடி டாலரைத் தள்ளுபடி செய்வதாக ஏசர் அறிவித்தது. அந்த ஆண்டு நஷ்டத்தில் முடிந்தது. லான்சி பின்னர் லெனோவாவில் சேர்ந்தார். ஏசர் அவர்மீது வழக்கும் தொடுத்தது.

லான்சி ஒருவர்மீது மட்டும் பழி போடுவது நியாயமாகாது என்று நினைக்கிறேன். அவருடைய விற்பனை எண்ணிக்கை உயர்ந்துகொண்டிருந்த ஆண்டுகளில் அதைக் கொண்டாடியவர்கள் எல்லோரும்தான். ஆராய்ச்சிக்குப் பணம் ஒதுக்காமல், செலவு குறைவு என்பதையே பெருமையாகச் சொல்லிக்கொண்ட நிறுவனத்தின் கையில், சந்தை திரும்பியபோது காட்டுவதற்குப் புதிய பொருள் இல்லை.

2013-இல் நிலைமை இன்னும் மோசம். ஆண்டு நஷ்டம் 2,000 கோடி தைவான் டாலரைத் தாண்டியது. ஜே.டி. வாங் விலக, ஓய்வு பெற்று ஒன்பது ஆண்டுகள் ஆகியிருந்த ஸ்டான் ஷி அந்த நவம்பரில் மறுபடி வந்து பொறுப்பை ஏற்றார். 2014 தொடக்கத்தில், சிப் தயாரிக்கும் டிஎஸ்எம்சி நிறுவனத்தில் உயர் பதவியில் இருந்த ஜேசன் சென்னைத் தலைமைச் செயல் அதிகாரியாக அமர்த்திவிட்டு, சில மாதங்களில் ஷி மீண்டும் ஒதுங்கிக்கொண்டார்.

குரோம்புக் ஏசருக்கு எப்படிக் கைகொடுத்தது?

கூகுளின் குரோம் இயங்குதளத்தில் 2011-இல் முதன்முதலாக மடிக்கணினி விற்ற இரண்டு நிறுவனங்களில் ஏசர் ஒன்று, மற்றொன்று சாம்சங். 2012-இன் இறுதியில் சி7 என்ற மாடலை 199 டாலருக்கு விட்டது. அமெரிக்கப் பள்ளிகள் குரோம்புக்குகளைக் கூட்டம் கூட்டமாக வாங்கத் தொடங்கியபோது ஏசர் தயாராக நின்றது. விண்டோஸ் உரிமக் கட்டணமும் இல்லை, பெரிய சேமிப்பும் தேவையில்லை. மலிவாகச் செய்யத் தெரிந்தவர்களுக்கு அளவெடுத்துத் தைத்த சந்தை.

ஏசர் மலிவு என்றால் தரம் குறைவா?

விலை எங்கே குறைக்கப்படுகிறது என்று பார்த்தால் பதில் கிடைக்கும். பிராசசர், மெமரி, எஸ்எஸ்டி ஆகியவற்றை எல்லா நிறுவனங்களும் ஒரே சில தயாரிப்பாளர்களிடம்தான் வாங்குகின்றன. அங்கே பெரிதாகக் குறைக்க முடியாது. குறைப்பது மற்ற இடங்களில்: உலோகத்துக்குப் பதில் பிளாஸ்டிக் உடல், மங்கலான திரை, சிறிய பேட்டரி, சுமாரான ஒலிபெருக்கி, தளர்வான கீல். எந்த நிறுவனத்தின் குறைந்த விலை மாடலிலும் இதே கதைதான். எனவே பிராசசர் பெயரை மட்டும் பார்த்து வாங்காதீர்கள். திரையைச் சாய்த்துப் பாருங்கள். மூடியை ஒரு கையால் திறந்து கீல் இறுக்கமாக இருக்கிறதா என்று பாருங்கள். மெமரியைப் பின்னர் கூட்ட இடம் இருக்கிறதா என்று கேளுங்கள்.

ஏசர் மலிவானவற்றை மட்டும்தான் செய்யும் என்பதும் சரியல்ல. 2017-இல் பிரிடேட்டர் 21 எக்ஸ் என்ற விளையாட்டு மடிக்கணினியை 8,999 டாலருக்கு விற்றது. வளைந்த 21 அங்குலத் திரை, இரண்டு கிராஃபிக்ஸ் அட்டைகள், எட்டுக் கிலோவுக்கு மேல் எடை. மடியில் வைக்க முடியாத மடிக்கணினி அது. ஆனால் எங்களால் இதுவும் முடியும் என்று உலகுக்குச் சொல்வதற்காகச் செய்தது. அதைத் தொடர்ந்து நடுத்தர விலை விளையாட்டு மடிக்கணினிகளில் ஏசருக்கு நல்ல இடம் கிடைத்தது.

இந்தியாவில் ஏசர் எப்போது வந்தது?

1990-களில் விப்ரோவுடன் கூட்டாக வந்தது. 1999-இல் ஏசர் இந்தியா தனி நிறுவனமாகப் பெங்களூருவில் அமைந்தது. புதுச்சேரியில் அதற்கு ஆலை இருக்கிறது. தமிழ்நாட்டில் பலருக்கு ஏசர் அறிமுகமானது கடையில் அல்ல, பள்ளியில்: 2011-இல் தொடங்கிய அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கப்பட்டவற்றில் ஏசர் மடிக்கணினிகளும் உண்டு.

இப்போது ஏசரை நடத்துவது யார்?

ஜேசன் சென். 2017 முதல் இயக்குநர் குழுத் தலைவர் பொறுப்பும் அவரிடமே இருக்கிறது. கணினி வியாபாரத்தை மட்டும் நம்பியிராமல் சிறு சிறு துணை நிறுவனங்களை வளர்த்து, ஒவ்வொன்றாகப் பங்குச் சந்தைக்குக் கொண்டுவருவது அவருடைய வழி. 1990-களில் ஷி பேசிய பழைய திட்டம் ஒன்றின் சாயல் இதில் உண்டு: 21-ஆம் நூற்றாண்டுக்குள் ஏசர் குடும்பத்திலிருந்து 21 நிறுவனங்களைப் பட்டியலிட வேண்டும் என்பது அன்று அவர் வைத்த இலக்கு.